எண்பதில் வரும் உதறல்

எழுபது வரை வண்டி சொன்னபடி கேட்கிறது. எழுபத்தைந்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் உதற ஆரம்பிக்கிறது, எண்பதில் டாஷ்போர்டே ஆடுகிறது. துணிந்து நூறுக்கு ஏற்றினால் ஆட்டம் அடங்கிவிடுகிறது. குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தலைகாட்டும் இந்த அதிர்வு வண்டிக்காரரையும் மெக்கானிக்கையும் ஒருசேரக் குழப்புகிற கோளாறு. பட்டறையில் நிறுத்தி எஞ்சினை முறுக்கினால் ஒன்றும் தெரிவதில்லை. காங்கேயம் கடைவீதியில் ஒரு சுற்று போய்வந்தால் வேகம் நாற்பதைத் தாண்டாது. ஆகவே ஊகம் தொடங்குகிறது. முதலில் அலைன்மென்ட், அப்புறம் பேலன்சிங், அதிலும் சரிப்படாவிட்டால் பால்ஜாயின்ட், பிறகு ஷாக் அப்சார்பர், கடைசியில் நான்கு புது டயர். ஒவ்வொன்றுக்கும் தனி பில். நான்காவதாக மாற்றிய சாமானில் அதிர்வு நின்றுவிட்டால், முதல் மூன்றும் வீண் செலவு என்பதை யாரும் பேசுவதில்லை.

அதிர்வியலில் ஒன்றரை நூற்றாண்டாகத் தெரிந்ததையும் பட்டறைகளின் கைப்பழக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன், அதிர்வு எதன் பின்னால் போகிறது என்று கேட்க வேண்டும். சக்கரம் சுற்றும் வேகத்தின் பின்னாலா, எஞ்சின் சுற்றின் பின்னாலா, ஆக்ஸிலேட்டரில் வைத்த காலின் பின்னாலா, பிரேக்கின் பின்னாலா, சாலையின் பின்னாலா? இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் ஓட்டுநர் மட்டும்தான். அவரிடம் யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

காங்கேயத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் இங்கே ஓடும் வண்டிகள் ஒரே இனம் இல்லை. அரிசி ஆலைகளுக்கு நெல் கொண்டுவரும் லாரி, தேங்காய்க் களங்களிலிருந்து கொப்பரை ஏற்றும் லாரி, எண்ணெய் டேங்கர், படியூர் நல்லூர் வழியாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன், டாடா ஏஸ், பீஸ் மூட்டை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல், அப்புறம் வீட்டுக் கார். எல்லாரும் ஆடுது என்றுதான் சொல்கிறார்கள். நோய் ஒவ்வொன்றிலும் வேறு.

ஏன் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் என்பதை விளக்க அரிசி ஆலைக்குள் போனாலே போதும். நெல்லைச் சுத்தம் செய்யும் அதிர்வுச் சல்லடைகளில் ஒரு வகை, ஸ்பிரிங் மீதோ ரப்பர் மீதோ உட்கார்ந்திருக்கும். அதன் மோட்டார் தண்டில் வேண்டுமென்றே ஒருபக்கமாக எடை பொருத்தியிருப்பார்கள். முழு வேகத்தில் ஓடும்போது சல்லடை சிறிதாக, சீராக நடுங்கும். சுவிட்சை அணைத்ததும் வேடிக்கை. மோட்டார் வேகம் குறைந்துகொண்டே வந்து நிற்பதற்குச் சற்று முன்னால் பெட்டி முழுவதும் ஒருதரம் தாறுமாறாகக் குதித்துவிட்டு அடங்கும். எடை அதேதான், வேகமோ குறைவு, ஆட்டம் மட்டும் பல மடங்கு. ஸ்பிரிங்கும் பெட்டியும் சேர்ந்து தமக்கென்று ஒரு ஆட்டக் கணக்கு வைத்திருக்கின்றன. மோட்டாரின் சுற்று அந்தக் கணக்கோடு ஒத்துப்போகும் கணத்தில் சின்ன உந்தலும் பெரிதாகிறது. ஒத்ததிர்வு என்பது இதுதான்.

காரின் சக்கரமும் அப்படியே. டயர், ரிம், ஹப், பிரேக் எல்லாம் சேர்ந்த கனம் ஒருபக்கம் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்கும் மறுபக்கம் டயரின் காற்றுக்கும் நடுவே தொங்குகிறது. அது தானாக மேலும் கீழும் துள்ளும் கணக்கு பெரும்பாலான கார்களில் நொடிக்கு 10 முதல் 15 தடவை. 165/80 ஆர்14 அளவு டயரின் சுற்றளவு 1.95 மீட்டர் அளவில் வரும். மணிக்கு 80 கி.மீ. என்றால் நொடிக்கு 22 மீட்டர், அதாவது நொடிக்கு சுமார் பதினொன்றரைச் சுற்று. சக்கரத்தில் ஓரிடத்தில் கனம் கூடியிருந்தால் அது நொடிக்குப் பதினொன்றரைத் தடவை உந்தும். சக்கரத்தின் சொந்தக் கணக்கும் அதுவே. எண்பதில் உதறல் வருவதற்கு மர்மம் எதுவும் தேவையில்லை.

இதே கணக்கை டாடா ஏஸுக்குப் போட்டால் 12 அங்குல ரிம்மில் 145 அளவு டயர், சுற்றளவு 1.7 மீட்டர். பதினொன்றரைச் சுற்றை அது எழுபதிலேயே எட்டிவிடும். லாரியின் 10.00-20 டயருக்குச் சுற்றளவு 3.3 மீட்டர். எண்பதில்கூட ஏழு சுற்று தேறாது. அதனால் லாரியில் பேலன்சிங் கோளாறைவிட டயர் வட்டமாக இல்லாத கோளாறு முக்கியமாகிறது. முட்டை வடிவத்துக்குப் போன டயர் ஒரு சுற்றில் இரண்டு தடவை தூக்கிப்போடும். அறுபதில் அது நொடிக்குப் பத்து, ஆக்ஸில் துள்ளும் கணக்குக்கு மிக அருகில். லாரிக்காரர் அறுபதில் ஆடுது என்பதும் கார்க்காரர் எண்பதில் ஆடுது என்பதும் ஒரே புகார் இல்லை.

நூறில் ஆட்டம் அடங்குவது ஏன்? சுழலும் தண்டு ஒரு வேகத்துக்கு மேல் ஓடவே முடியாது, அதைத் தாண்டினால் உடைந்துவிடும் என்று 1869-இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ரேங்கின் எழுதினார். பெரிய பெயர், ஆகவே நம்பினார்கள். சுவீடன்காரர் லவால் 1889 வாக்கில் மெல்லிய, வளையக்கூடிய தண்டில் நீராவிச் சுழலியைப் பொருத்தி, அந்த ஆபத்தான வேகத்தைத் தாண்டி ஓட்டிக் காட்டினார். தாண்டிய பிறகு அது அமைதியாக ஓடியது. ஏன் அமைதி என்பதற்கு 1919-இல் ஜெஃப்காட் என்பவர் தெளிவான கணக்குக் கொடுத்தார். ஒத்ததிர்வு வேகத்தைக் கடந்ததும் தண்டு தன் எடை மையத்தையே அச்சாக வைத்துச் சுற்றத் தொடங்குகிறது. நூறில் போனால் சரியாகிவிடுகிறது என்று சொல்லும் கார்க்காரர் பொய் சொல்லவில்லை.

அந்த வசதி எல்லா வண்டிக்கும் கிடையாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 118-ஆம் விதிப்படி போக்குவரத்து வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், உச்சம் 80. பள்ளிப் பேருந்துக்கும் டேங்கருக்கும் 60. பதினைந்து அங்குல ரிம் போட்ட கம்பெனி வேனை எண்பதில் பூட்டினால், சக்கரம் நொடிக்குப் பத்துச் சுற்று ஓடும் இடத்தில் அது நிற்கிறது. ஆட்டம் தொடங்கும் வாசலிலேயே வண்டி தினமும் மணிக்கணக்காக ஓடுகிறது. அதற்கு மேல் போய்ப் பார்த்து உச்சம் எங்கே என்று சொல்லவும் ஓட்டுநரால் முடியாது. விதி உயிரைக் காப்பதற்காக வந்தது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வேனுக்குப் பேலன்சிங் என்பது வசதிக்கான செலவு இல்லை, தேய்மானத்தைக் குறைக்கும் செலவு.

ரிம் ஓரத்தில் 30 கிராம் கூடுதலாக இருந்தால் நாற்பதில் அது முக்கால் கிலோ எடையளவுக்குக்கூட இழுக்காது. விசை வேகத்தின் இருமடியாக ஏறுவதால் எண்பதில் சுமார் 2.8 கிலோ, நூறில் 4.4 கிலோ. முன் சக்கரம் என்றால் இந்த இழுப்பு ஸ்டீயரிங்கில் தெரியும். பின் சக்கரம் என்றால் சீட்டிலும் தரையிலும் தெரியும். இது பட்டறைகளில் எல்லாருக்கும் தெரிந்த விதி, பெரும்பாலும் சரியும்கூட. பின்சக்கர ஆட்டம் பாடி வழியாக முன்னால் வந்து ஏமாற்றுவதும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

அலைன்மென்ட் இந்தக் கதையில் வரவே வராது. சக்கரங்களின் கோணம் தப்பியிருந்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கும், டயர் ஓரமாகத் தேயும். நேரடியாக உதறல் தராது. டயர் ஏடாகூடமாகத் தேய்ந்த பிறகு அதனால் அதிர்வு வரலாம், அப்போது கோணத்தைத் திருத்தினாலும் தேய்ந்த டயர் தேய்ந்ததுதான். இருந்தும் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் ஒரே மூச்சில், ஒரே பில்லில் சொல்லப்படுகின்றன. எண்பதில் உதறுது என்று போனவருக்கு முதலில் அலைன்மென்ட் மேடையைக் காட்டும் பழக்கம் நம் பக்கத்தில் ஒழிந்தால் பல ஆயிரம் ரூபாய் மிச்சம்.

பேலன்சிங் எந்திரத்தையும் நின்று பார்க்க வேண்டும். சக்கரத்தை எந்திரத்தின் தண்டில் ஏற்றி, நடு ஓட்டையில் கோனைச் செருகி, மேலே மரையை முடுக்குகிறார்கள். சுற்றி நின்றதும் உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 40 என்று காட்டுகிறது. எடைத் துண்டை ரிம் விளிம்பில் அடித்து மறுபடி சுற்றினால் இரண்டு பக்கமும் பூஜ்யம். வேலை முடிந்தது என்று கழற்றுவதற்கு முன் ஒன்று செய்யச் சொல்லுங்கள். மரையைத் தளர்த்தி, சக்கரத்தை மட்டும் தண்டின் மீது அரைவட்டம் திருப்பி, மறுபடி முடுக்கிச் சுற்ற வேண்டும். அப்போதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் நம்பலாம். இருபது, முப்பது என்று காட்டினால் எந்திரம் அளந்தது சக்கரத்தை இல்லை, கோனில் ஒட்டிய அழுக்கை. இந்த ஒரு நிமிட வேலையைக் கேட்கும்போது கடைப் பையன் முகத்தைச் சுளிப்பான். கேட்டுத்தான் ஆக வேண்டும்.

எந்திரம் பூஜ்யம் காட்டியும் சாலையில் உதறினால் அங்கேதான் உண்மையான தேடல் ஆரம்பம். எடை சமமாக இருக்கும் சக்கரம் வட்டமாகவும் இருக்கும் என்று யார் சொன்னது? குழியில் விழுந்து உள்பக்க விளிம்பு நெளிந்த ரிம், உள்ளே எஃகுப் பின்னல் பிரிந்து ஓரிடத்தில் புடைத்த டயர், ரீட்ரெட் ஒட்டிய இடத்தில் தடித்த டயர், எல்லாவற்றையும் எடை வைத்து எந்திரத்தை ஏமாற்றிவிடலாம். சாலையை ஏமாற்ற முடியாது. ஜாக்கியில் தூக்கி, ஒரு கம்பியை அசையாத இடத்தில் கட்டி அதன் முனையை டயருக்கு மயிரிழை தள்ளி வைத்து, கையால் மெல்லச் சுற்றினால் போதும். இடைவெளி எங்கே விரிகிறது, எங்கே உரசுகிறது என்று கண்ணுக்கே தெரியும். சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுக்கும்போது செய்வது இதுதான். கார் டயர் கடையில் இதைச் செய்கிறவர்கள் அரிது.

நைலான் இழை டயர் போட்ட லாரி பாரத்தோடு ஆலை வளாகத்தில் இரவு முழுக்க நின்றால் தரையைத் தொடும் இடம் தட்டையாகிவிடும். விடியற்காலை கிளம்பியதும் தடதடவென்று தட்டும். சில கி.மீ. ஓடி டயர் சூடேறியதும் போய்விடும். அது கோளாறே இல்லை. ஓட ஓடக் குறைகிறதா, ஓட ஓடக் கூடுகிறதா என்று கேட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும். மழைக்குப் பிறகு புதிதாக வந்த உதறலுக்கு முதலில் ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். தோட்டத்துப் பாதையின் செம்மண் சேறு அங்கே ஒருபக்கமாக ஒட்டிக் காய்ந்து கட்டியாகியிருக்கும். ஒரு பக்கெட் தண்ணீரில் தீருகிற கேஸ். பஞ்சருக்காக ஊற்றிய திரவம் டயருக்குள் ஒருபக்கம் தேங்குவதும், வெளியே வாங்கிய அலாய் வீலின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்து சக்கரம் நடுவில் உட்காராமல் போவதும் இதே வகை.

அடுத்தது புரொப்பெல்லர் ஷாஃப்ட். எஞ்சின் முன்னால், ஓடும் சக்கரம் பின்னால் என்ற அமைப்பில் இருக்கும் வண்டிகள் இங்கே அதிகம். லாரி, வேன், பிக்அப், டாடா ஏஸ், இன்னும் விடாமல் ஓடும் மாருதி ஆம்னி எல்லாம் இந்த வகை. சக்கரத்தைவிட ஷாஃப்ட் பல மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. பின் ஆக்ஸிலின் பல் விகிதம் ஐந்து என்றால் சக்கரம் நொடிக்குப் பதினொன்று சுற்றும்போது ஷாஃப்ட் ஐம்பத்தைந்து சுற்றும். எனவே இதன் அதிர்வு உதறலாக வராது. கால் அடியில் கிர்ரென்ற நடுக்கமும் காதில் ஊவென்ற இரைச்சலுமாக வரும்.

யுனிவர்சல் ஜாயின்ட்டில் ஒரு பிறவிக் குணம் உண்டு. கோணத்தில் வேலை செய்யும்போது அது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றில் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 3 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குள். 10 டிகிரியில் நூற்றுக்கு ஒன்றரை. மறுமுனையில் இன்னொரு ஜாயின்ட்டைச் சரியான திசையில் பொருத்தி இந்தக் குறையை ஒன்றுக்கொன்று கழித்துவிடுகிறார்கள். அதற்கு இரு முனைகளின் கவைகளும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். ஜாயின்ட்டின் கிராஸை மாற்றுவதற்காக ஷாஃப்ட்டை உருவி, அடையாளம் போடாமல் பல் ஒன்று தள்ளிச் செருகினால் கழிய வேண்டியது கூடிவிடும். கிராஸ் புதுசு, பேரிங் புதுசு, வேலை நேர்த்தி, ஆனால் வண்டி முன்பைவிட மோசம். கழற்றுவதற்கு முன் உளியால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டிருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பாரம் ஏற்றினால் வருகிறதா, காலியாக இருக்கும்போது வருகிறதா என்பதும் ஷாஃப்ட்டைக் காட்டிக்கொடுக்கும். பின் ஸ்பிரிங் பட்டைகள் படிந்துபோன லாரியிலும் கூடுதல் பட்டை போட்டுத் தூக்கிய லாரியிலும் ஆக்ஸிலின் உயரம் மாறி, கோணமும் மாறிவிடுகிறது. நெல்லோடு வரும்போது அமைதியாக வந்த வண்டி திரும்பும்போது கிர்ரென்றால் டயரைக் கழற்றாதீர்கள். நீளமான ஷாஃப்ட்டை இரண்டாக்கி நடுவில் சென்டர் பேரிங் வைப்பதற்கும் ரேங்கின், ஜெஃப்காட் கணக்குதான் காரணம். குழாயின் நீளம் இருமடங்கானால் அதன் ஆபத்து வேகம் கால்பங்காகக் குறையும். சேசிஸை நீட்டிய வண்டிக்கு லேத் பட்டறையில் குழாயை வெட்டி ஒட்டும்போது நேராக ஒட்டுவது மட்டும் போதாது, மறுபடி பேலன்ஸ் செய்தாக வேண்டும். ஷாஃப்ட்டின் மீது பற்றவைத்த சின்னத் தகடுகள் அதற்காகவே இருக்கின்றன. துருவைச் சுரண்டும்போது அதையும் சேர்த்துத் தட்டி எடுத்துவிடுகிறவர்கள் உண்டு.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் இந்த ஷாஃப்ட் கிடையாது. அங்கே ஏறும்போது, ஓவர்டேக் செய்யக் காலை அழுத்தும்போது மட்டும் முன்பக்கம் தள்ளாடி, காலை எடுத்ததும் நின்றுவிட்டால் உள்பக்க டிரைவ் ஜாயின்ட்டைச் சந்தேகிக்கலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் வந்தால் டிஸ்க். டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. ஓரிடத்தில் 0.02 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிமன் மாறினாலே மிதியில் துடிப்பு தெரியும். ஹப்பில் துரு இருக்க அதன் மேலேயே டிஸ்க்கை மாட்டியதும், வீல் போல்ட்டை ஒரே பக்கமாக முடுக்கியதும் சில மாதங்களில் இந்த நிலைக்குக் கொண்டுவிடும்.

எஞ்சினைப் பிரித்தறிவது சுலபம். நேரான, காலியான சாலையில் ஆட்டம் வரும் வேகத்தில் கிளட்சை மிதித்து எஞ்சின் சுற்றைக் குறைய விடுங்கள். சாவியை அணைக்கக் கூடாது. ஆட்டம் அப்படியே இருந்தால் சக்கரமோ ஷாஃப்ட்டோ. போய்விட்டால் எஞ்சின் பக்கம், அல்லது இழுவையில் மட்டும் வரும் கோளாறு. இன்னொரு வழி, அதே வேகத்தில் ஒரு கியர் இறக்கிப் பார்ப்பது. ஷாஃப்ட் உள்ள வண்டியில் இது முக்கியம். நேர் விகித கியரில் எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே சுற்றில் சுற்றுவதால் இரண்டும் ஒன்று போலவே நடுங்கும். கியர் மாறினால் எஞ்சின் விலகிக்கொள்ளும். கரூர் ரோட்டில் வெள்ளகோவில் தாண்டினால் இந்தச் சோதனைக்கு இடம் கிடைக்கும். திருப்பூர் ரோட்டில் காலை ஷிஃப்ட் நேரத்தில் முயலவே வேண்டாம்.

எஞ்சின் அதிர்வு எல்லாமே கோளாறும் இல்லை. சென்னையில் தயாராகும் புல்லட்டே சாட்சி. பழைய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தை ஈடுகட்டத் தனித் தண்டு இல்லை. வேகம் கூடினால் கண்ணாடியில் பின்னால் வரும் பஸ் இரண்டாகத் தெரியும். 2020 நவம்பரில் மீட்டியர் 350-இல் வந்த 349 சிசி எஞ்சினில் ராயல் என்ஃபீல்டு ஈடுகட்டும் தண்டு வைத்தது. அடுத்த ஆண்டு கிளாசிக்கிலும் அது வந்தது. பழையதுதான் வண்டி என்று சண்டை போடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கார்களிலும் 2024-இல் ஸ்விஃப்ட் நான்கு சிலிண்டரிலிருந்து மூன்றுக்கு மாறியது. சிக்னலில் நிற்கும்போது அது கொஞ்சம் நடுங்குவதைப் பார்த்துவிட்டு மவுண்டிங் ரப்பர் மாற்றச் சொல்லிப் போக வேண்டியதில்லை.

இருசக்கர வண்டியில் சக்கரக் கோட்டம், கோன் செட் தேய்மானம், ஸ்விங் ஆர்ம் புஷ், இந்த மூன்றைத் தாண்டிப் போவது குறைவு. எக்ஸ்எல்லின் பின்னால் ஆள் உயரத்துக்கு பீஸ் மூட்டை கட்டினால் முன்சக்கரத்தின் பாரம் குறைந்து ஹேண்டில் தானாக ஆடும். மூட்டையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக் கட்டினால் அடங்குகிறதா என்று முதலில் பார்க்கலாம். கையை விட்டுச் சோதிப்பது மட்டும் கூடாது.

ஊகத்தைக் குறைக்க இன்றைக்கு ஒரு கருவி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானி பல போன்களில் நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அசைவை அளக்கும். ஜெர்மனியில் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி, அந்த அசைவில் எந்தத் துடிப்பு மேலோங்கியிருக்கிறது என்று வரைபடமாகக் காட்டும். போனை சீட் தண்டவாளத்தில் இறுகக் கட்டி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, எண்பதில் ஓட்டுங்கள். 11-இல் கூர்முனை எழுந்தால் சக்கரம். 22 அல்லது 23-இல் எழுந்தால் வட்டம் தப்பிய டயர். 55-க்குப் பக்கத்தில் ஷாஃப்ட், அதன் இருமடங்கில் ஜாயின்ட். அந்த இருமடங்கு நூறைத் தாண்டுவதால் எல்லாப் போனிலும் சிக்காது. மற்றவை பெரும்பாலும் சிக்கும். படத்தைப் பார்த்துச் சிரிக்கும் மெக்கானிக்கும் எண்ணைக் கேட்டதும் யோசிப்பார்.

இதற்கெல்லாம் பொறுக்காத சில அதிர்வுகள் உண்டு. நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருவது, இருபது முப்பதிலேயே வண்டி தூக்கித் தூக்கிப் போடுவது, சக்கரத்தைக் கழற்றி மாட்டிய மறுநாள் தொடங்குவது. கடைசியாகச் சொன்னதில் வீல் நட் தளர்ந்திருக்கலாம். வண்டியை ஓரங்கட்டி ஸ்பேனரைப் போட்டுப் பார்க்காமல் அடுத்த ஊர் வரை ஓட்டக் கூடாது. மெதுவான வேகத்திலேயே தூக்கிப்போட்டால் டயரின் நான்கு பக்கமும் தடவிப் பாருங்கள், உள்பக்கத் தோள் உட்பட. பின்னல் பிரிந்த புடைப்பு அங்கே இருந்தால் நின்று பார்ப்பவர் கண்ணில் படாது, கைக்கு மட்டும்தான் அகப்படும்.